பலகை வக்கீல்

ஜூன் 6

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நேற்று போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டம்மா எடுத்திருந்தால் வைப்பதற்கு முன் ஒரு "ம்" ஆவது சொல்லியிருப்பார், அதனால் அது நீங்கள்தான் என்று முடிவு செய்துகொண்டேன். சரி, கடிதம் எழுதுகிறேன். இதையும் பாதியில் மடித்து வைப்பீர்கள். ஆனால் மேசையில் கிடக்கும் காகிதத்தைப் படிக்காமல் விட உங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும்.

சட்டசபையில் நான் பேசியதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆற்று நடைபாலம் ஏப்ரலில் இடிந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். அந்தக் குடும்பங்கள் அரசின் மேல் வழக்குப் போட்டிருக்கின்றன. அரசுக்காக நிற்கும் தலைமை வழக்கறிஞர் நீங்கள். நிருபர்கள் மைக்கை நீட்டியதும், "பாலத்தின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது, ஏறியவர்கள் ஆபத்தைத் தெரிந்தே ஏறியிருக்கிறார்கள்" என்று சொன்னீர்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு.

எனக்கு ஓட்டுப் போட்டவர்கள்தான் செத்தவர்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. "தலைமை வழக்கறிஞர் ஜனங்களுக்கு வக்கீலா, பலகைக்கு வக்கீலா?" என்று கேட்டேன். சபை சிரித்தது, மேசையைத் தட்டினார்கள். அந்த நேரத்தில் எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில்தான் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்காரி என்ற தைரியத்தில் பேசிவிட்டாள் என்று உங்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம். உங்கள் மகள் என் வீட்டில் வாழ வராமல் இருந்திருந்தாலும் இதையேதான் பேசியிருப்பேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பெரிய மனிதர்கள் அப்படிச் செய்வதுண்டு.

இத்துடன் இந்த மாதத்துப் பிரஷர் மாத்திரை. மருந்துக்கடையை என் பையன் பார்த்துக்கொண்டாலும் உங்கள் மாத்திரையை நான்தான் எடுத்துக் கட்டினேன். சண்டை வேறு, இது வேறு. காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். மாத்திரை வந்தது. கடிதத்தையும் கடைசி வரி வரை படித்தேன், சந்தோஷமா?

போனை வைத்தது நான்தான். பேசியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். மாப்பிள்ளையைப் பெற்றவரிடம் குரல் உயர்த்திய பெண்ணின் அப்பன் என்ற பெயர் வேறு எனக்கு எதற்கு? ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டீர்கள், அது போதும். நீதிமன்றத்தில் நான் படியேறினால் பின்னால் "பலகை வக்கீல்" என்று காதில் விழுகிறது. என்னிடம் தொழில் கற்றவர்கள் நான் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். ஒரு பத்திரிகையில் நான் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி படம் போட்டிருந்தான். மூக்கை மட்டும் நன்றாக வரைந்திருந்தான்.

என் பேச்சில் சட்டப்படி தவறு என்ன? ஆபத்து இருக்கிறது என்று அறிவித்த இடத்தில் ஒருவர் தானாகப் போனால் அவருக்கும் பொறுப்பில் பங்கு உண்டு. நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை இது. பலகை இருந்தது என்று சாலைத் துறை எனக்கு எழுதிக் கொடுத்தது, அதை நான் சொன்னேன். அரசு என் கட்சிக்காரர். கட்சிக்காரர் சொல்வதை நம்பாமல் எந்த வக்கீலும் வாய் திறக்க முடியாது. நீங்களோ நான் பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு என்னை அடித்தீர்கள். சபையில் பேசினால் வழக்குத் தொடர முடியாது, அந்தச் சட்டத்தை எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் கிடக்கட்டும். என் மகள் ஏன் என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள்? அம்மாவிடம் பேசுகிறாள், நான் ரிசீவரை வாங்கினால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு? நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்க மனம் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 15

சம்பந்தி அவர்களுக்கு,

மனம் கூசியதே, அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் மகளிடம் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. நான் சபையில் பேசிய அன்று என்னிடமும்தான் அவள் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். "ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சு விளையாடாதீங்க அத்தை" என்று மறுநாள் சொன்னாள், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒன்று தெரியாது என்று நினைக்கிறேன். அவள் பள்ளிக்கூடம் அக்கரையில் இருக்கிறது. பேருந்தில் போகிறேன் என்றுதான் உங்களிடம் சொல்லியிருப்பாள். பேருந்து பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஊரெல்லாம் நின்று போகும், முதல் மணி அடித்த பிறகுதான் கொண்டு விடும். அவள் தினமும் அந்த நடைபாலத்தில்தான் போய் வந்தாள். உங்கள் பலகையைத் தினமும் படித்தவள் அவள். ஆபத்தைத் தெரிந்தே ஏறியவர்கள் என்று நீங்கள் சொன்னீர்களே, அதில் உங்கள் பெண்ணும் சேர்த்தி. இப்போது அவள் ஏன் போனை எடுக்கவில்லை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செத்துப்போன தையல்காரரை உங்களுக்குத் தெரியும். கல்யாண வரவேற்பு அன்று உங்கள் கோட்டு வயிற்றில் பொத்தான் விழாமல் நீங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அப்போது நான் கூட்டி வந்தேனே, ஒல்லியாக, வாயில் ஊசியை வைத்துக்கொண்டு பேசுவார். "சார் சாப்பிடுறதுக்கும் கொஞ்சம் எடம் விட்டிருக்கேன்" என்று சொல்லித் தந்தார். வழக்கில் முதல் பெயர் அவர் மனைவியுடையது.

நான் மருந்துக்கடை நடத்தியவள். கெட்டுப்போன மருந்தை அலமாரியில் வைத்து, மேலே "கவனமாகக் குடிக்கவும்" என்று சீட்டு ஒட்டி விற்றால் என்னை உள்ளே வைப்பீர்கள். சீட்டை ஒட்டியதே எனக்கு முன்பே தெரியும் என்பதற்குச் சாட்சி என்று நீங்களே வாதாடுவீர்கள். பாலத்துக்கு மட்டும் என்ன தனி நியாயம்?

உங்கள் பேச்சைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன், 28ஆம் தேதி. தலைமை வழக்கறிஞர் சபைக்கு வந்து பேசலாம், ஓட்டுத்தான் கிடையாது. எனவே பதில் சொல்ல முடியாத இடம் என்று இனிச் சொல்லாதீர்கள். அதற்கு முன் ஒரு நாள் வந்து அந்தப் பலகையை நேரில் பாருங்கள். சாப்பாடு நம் வீட்டில்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பேருந்தில் போவதாகத்தான் சொன்னாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கிறது என்றுகூடச் சொன்னாள். நானும் நம்பினேன்.

உங்கள் கடிதத்தை வீட்டம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "சொன்னா நீங்க மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிச் சட்டம் பேசுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். இந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாத விஷயங்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாலத்தைப் பார்க்க வர மாட்டேன். பிடிவாதம் இல்லை, என் தொழில் அப்படி. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு எல்லைத் தகராறு வழக்கில், கட்சிக்காரர் சொன்ன சுவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது முழுப் பொய். சுவர் முந்தின நாள்தான் எழுப்பியது, சிமெண்டு கையில் ஒட்டியது. மறுநாள் நீதிமன்றத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. என் சீனியர் கூப்பிட்டு, "பார்த்தவன் சாட்சி. நீ வக்கீலா இருக்கணும்னா எடத்தைப் பார்க்கப் போகாதே, காகிதத்தைப் பாரு" என்றார். அன்றிலிருந்து கொலை நடந்த வீடானாலும் சரி, எரிந்த ஆலையானாலும் சரி, நான் எந்த இடத்தையும் பார்த்ததில்லை. வரைபடம் பார்ப்பேன், புகைப்படம் பார்ப்பேன். என்னுடைய வாதம் கலங்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

சபைக்கும் வர மாட்டேன். சம்பந்தியம்மா கேட்க, சம்பந்தி கைகட்டிப் பதில் சொல்வதைப் பார்க்கச் சனம் கூடும். அந்தக் கூத்துக்கு நான் ஆளில்லை.

அன்று காலை அவள் எத்தனை மணிக்குப் பாலத்தைக் கடந்தாள்?

சம்பந்தி


ஜூன் 23

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நானே பதில் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதற்குள் அவளே இன்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்.

அவள் அக்கரைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் சத்தம் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் நடுப்பாலம் இல்லை. தையல்காரர் அவளுக்குக் கொஞ்சம் பின்னால் துணி மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். "டீச்சரம்மா, முன்னாடி போங்க, நான் மெதுவா வரேன்" என்று வழி விட்டாராம். இத்தனை நாளாக இதை எங்களில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. நானும் பையனும் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். அவள் அழவில்லை.

இன்னொன்றையும் சொன்னாள். குடும்பங்களின் வக்கீல் அவளைச் சாட்சியாகக் கேட்டாராம், சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். ஆகஸ்டில் விசாரணை. "உங்கப்பா எதிர்ல நிப்பாரே" என்று பையன் கேட்டான். "தெரியும்" என்றாள்.

தீர்மானம் 28ஆம் தேதி வராது. சபையை ஒத்திவைத்துவிட்டார்கள், ஜூலை 9 என்று போட்டிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு யோசிக்க நாள் கிடைத்திருக்கிறது. யோசிக்க வேண்டியது இதுதான்: உங்கள் மகளைக் கூண்டில் நிற்க வைத்து, "பலகையைப் படித்தீர்களா இல்லையா" என்று நீங்களே கேட்பீர்களா?

உங்கள் சம்பந்தி


ஜூன் 26

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கேட்க மாட்டேன். இன்று காலை சட்ட அமைச்சருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த வழக்கில் நான் ஆஜராகவில்லை, சொந்தக் காரணம் என்று. வழக்குக் கட்டுகளையெல்லாம் என் துணை வக்கீலிடம் ஒப்படைத்தாயிற்று. கெட்டிக்காரன், நான் வளர்த்த பிள்ளை.

அவள் சொன்னதைப் படித்தபின் இரண்டு நாள் நான் நானாக இல்லை. வீட்டம்மா என் கையில் காபியைக் கொடுத்துவிட்டு அது ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

இனி உங்கள் தீர்மானத்துக்கு வேலையில்லை. நமக்குள் இருந்த முள்ளை எடுத்துப் போட்டாயிற்று. அவளிடம் சொல்லுங்கள், அப்பா எதிரில் நிற்க மாட்டார் என்று. முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் போடச் சொல்லுங்கள். நான் வைத்துவிட மாட்டேன்.

சம்பந்தி


ஜூன் 30

சம்பந்தி அவர்களுக்கு,

கோபமாக எழுதக் கூடாது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அப்படியும் கோபமாகத்தான் வருகிறது.

நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள். நீங்கள் சொன்னது எங்கே ஒதுங்கியது? உங்கள் துணை வக்கீல் போட்டிருக்கும் பதில் மனுவின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது, "ஆபத்தைத் தெரிந்தே ஏறினார்கள்" என்று. உங்கள் பெயர் போயிற்று, உங்கள் வாசகம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் குடும்பங்களுக்கு வரவேண்டியதில் பாதியாவது போய்விடும். அதைவிட, செத்தவர்களே தங்கள் சாவுக்குக் காரணம் என்று தீர்ப்பில் எழுதி வைத்துவிடுவார்கள்.

நீங்கள் விலகியதை மருமகளிடம் சொன்னேன். "அப்பா கேட்டிருந்தா அப்பா மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லியிருப்பேன். இப்ப அப்பாவோட கேள்விய வேற ஒருத்தர் வந்து கேக்கப்போறாரு" என்றாள். போன் போடச் சொன்னேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நேற்றுத் தையல்காரர் மனைவி கடைக்கு வந்தாள், மாமியாருக்கு மருந்து வாங்க. சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். "அம்மா, உங்க சம்பந்தி பெரிய வக்கீலாமே. எங்க வீட்டுக்காரரு தெரிஞ்சேதான் போய் விழுந்தாருன்னு சட்டத்துல இருக்கா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். படித்த பெரியவர் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம் வந்துவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது, சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

தீர்மானத்தை நான் விடப்போவதில்லை. நீங்கள் விலகியதால் விடலாம் என்று என் கட்சியிலேயே சொல்கிறார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான்.

உங்கள் சம்பந்தி


ஜூலை 5

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பார்த்துவிட்டேன்.

முந்தாநாள் யாரிடமும் சொல்லாமல் வந்தேன். உங்கள் வீட்டு வழியாகத்தான் போனேன், ஆனால் வரவில்லை. வந்திருந்தால் சாப்பிட உட்கார வைத்துவிடுவீர்கள், சாப்பிட்டபின் எனக்குத் தைரியம் இருந்திருக்காது. தையல்காரர் மனைவி கேட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. என் பேச்சை நம்பி ஒருத்தி தன் புருஷனைச் சந்தேகப்படுகிறாள் என்றால் நான் என்ன வக்கீல்.

பாலத்தின் இக்கரை வாயில் அப்படியே நிற்கிறது. பலகையும் நிற்கிறது. "பாலம் பழுதடைந்துள்ளது. பாதசாரிகள் தங்கள் சொந்தப் பொறுப்பில் செல்லவும்." துறை எனக்குக் கொடுத்த புகைப்படத்தில் இருந்தது போலவே இருந்தது. கிட்டே போனேன். ஒரு மூலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் இன்னொரு பூச்சு, அதிலும் அதே எழுத்து. நகத்தால் சுரண்டினேன், அதற்கும் அடியில் ஒன்று. வெள்ளை, மஞ்சள், மறுபடி வெள்ளை. பக்கத்தில் சைக்கிளோடு நின்ற ஒருவர் என் சட்டையையும் செருப்பையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் வந்து எழுதுவாங்க சார், பெயிண்டுக்காரரு ரெண்டு நாள் இங்கதான் இருப்பாரு" என்றார். பாலத்துக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டேன். "பலகைக்குத்தான் வருவாங்க" என்றார்.

துறை எனக்கு அனுப்பிய காகிதத்தில் "பலகை இருந்தது" என்று மட்டும்தான் இருந்தது. புகைப்படத்தில் மேல் பூச்சுத்தான் தெரியும். வருஷா வருஷம் ஆபத்தென்று தெரிந்து, வருஷா வருஷம் அதை அழகாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெரிந்தே செய்தவர்கள் என்று நான் யாரைச் சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள் மருந்துச் சீட்டு என்று எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு பேருந்தில் ஏறிச் சுற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனேன். இடுப்பு கழன்றுவிட்டது. ஜன்னல் ஓரமும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

என் சீனியர் சொன்ன கணக்குப்படி நான் இனி வக்கீல் இல்லை, சாட்சி. ரோட்டில் நிற்கிற யாரும் பார்க்கக்கூடியதைப் பார்த்தேன், அதில் கட்சிக்காரர் ரகசியம் எதுவும் இல்லை. பதவியை 8ஆம் தேதியோடு விடுவதாக எழுதிவிட்டேன். சபைக்கு அந்த நாளிலேயே வந்து பேச அனுமதி கேட்டிருக்கிறேன். தலைமை வழக்கறிஞராக நான் செய்யும் கடைசி வேலை அதுவாக இருக்கட்டும். உங்கள் தீர்மானத்தையும் 9ஆம் தேதியிலிருந்து அந்த நாளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். குடும்பங்களின் வக்கீலிடமும் என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். சபையில் என்னைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன். இந்த மாதம் மாத்திரை வரவில்லை. கோபமா, மறதியா?

சம்பந்தி


ஜூலை 10

சம்பந்தி அவர்களுக்கு,

கோபம்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு.

முந்தாநாள் நீங்கள் சபையில் நின்றபோது நான் சிரிக்கவில்லை. என் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வழக்கறிஞர்கள் பேசுகிற மாதிரி பூசி மெழுகுவீர்கள் என்றுதான் நினைத்தேன். "நான் சொன்னது தவறு. பார்க்காமல் சொன்னேன். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று மூன்று வரியில் முடித்துவிட்டு, பெயிண்ட் பூச்சுகளைப் பற்றிச் சொன்னீர்கள். சாலைத் துறை அமைச்சர் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? என்னை மாண்புமிகு உறுப்பினர் என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் திணறினீர்கள்.

தீர்மானத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டது பற்றி என் கட்சிக்காரர்கள் இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்திக்காக வளைந்துவிட்டேனாம். வளைந்தது யார் என்று நான் சொல்லவில்லை, போகட்டும். "பலகை வக்கீல்" என்று நான் ஆரம்பித்து வைத்ததற்கு வருந்துகிறேன். கேட்கும்போது நன்றாக இருந்தது, அவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

மருமகள் பள்ளியில் ஆசிரியர்கள் அறையில் டிவியில் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து செய்தியில் மறுபடி பார்த்தாள். டிவியை அணைத்துவிட்டு நோட்டுத் திருத்த உட்கார்ந்தாள். தையல்காரர் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். "அப்ப சட்டத்துல இல்லையா?" என்றாள். இல்லை என்றேன்.

விசாரணை நாளில் சபை நடக்கும், என்னால் வர முடியாது. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மாப்பிள்ளை போனில் சுருக்கமாகச் சொல்லியிருப்பார். ஒன்று விடாமல் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

சாட்சிகளை உள்ளே கூப்பிடும்வரை வெளியே உட்கார வைப்பார்கள். இத்தனை வருஷம் அந்த வராந்தா பெஞ்சைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன், அது இவ்வளவு குறுகலானது என்று உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது. ஒரு முனையில் என் மகள், மறுமுனையில் நான், நடுவில் தையல்காரர் மனைவி. சாட்சிகள் வழக்கைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு வேறு எதைப் பற்றியும் பேச வரவில்லை. நான் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைத்தான் போட்டிருந்தேன், வக்கீல் கோட்டுக்கு அங்கே வேலையில்லை. தையல்காரர் மனைவி அதன் விளிம்புத் தையலை ஒரு தடவை பார்த்தாள். "அவரு கை" என்றாள். "ஆமாம்மா" என்றேன். மன்னிப்பை அவளிடம் நேரில் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

மகளை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குக் கேட்கவில்லை, பிறகு சொன்னார்கள். பலகையைப் படித்தீர்களா என்று துணை வக்கீல் கேட்டதற்கு, "தினமும். அதுல எழுத்துப் பிழைகூட இல்ல" என்றாளாம்.

அடுத்து நான். பூச்சுகளைப் பற்றிக் குடும்பங்களின் வக்கீல் கேட்டார், பார்த்ததைச் சொன்னேன். பிறகு நான் வளர்த்த பிள்ளை எழுந்து நின்றான். பாவம், கையிலிருந்த காகிதங்களை இரண்டு தடவை அடுக்கினான். பூச்சுகளைப் பற்றி அவன் கேட்கவே இல்லை, அது புத்திசாலித்தனம். கடைசியாக, "பலகையை இவ்வளவு கவனமாகப் படித்த நீங்கள், அன்று காலை அங்கே இருந்திருந்தால் பாலத்தில் ஏறியிருப்பீர்களா?" என்று கேட்டான். மாட்டேன் என்று நான் சொல்வேன், அப்படியானால் மற்றவர்களும் ஏறியிருக்கக் கூடாது என்று முடித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. நல்ல கணக்குத்தான், நானே சொல்லிக்கொடுத்த மாதிரிக் கணக்கு.

சாட்சி சொல்லி முடித்தவர்கள் உள்ளேயே உட்காரலாம். அவள் பின்வரிசையில் இருந்தாள். "என் மகள் அக்கரையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் ஏறியிருப்பேன்" என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். துணை வக்கீல் உட்கார்ந்துவிட்டான். மதியம் கூடியதும், பலகை பற்றிய வாதத்தை அரசு வலியுறுத்தவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். தீர்ப்பு அடுத்த மாதம். எவ்வளவு தருவார்கள் என்று தெரியாது, ஆனால் குற்றம் அவர்கள் தலையில் இல்லை.

வாசலில் பேருந்துக்கு நின்றேன். அரசுக் கார் இப்போது கிடையாது அல்லவா. மாப்பிள்ளை வண்டியை எடுக்கப் போயிருந்தார். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். ரொம்ப நேரம் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து சத்தியம் செய்து உண்மையே பேசியவன், போட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் என் பையை வாங்கித் திறந்து பார்த்துவிட்டாள். அட்டை முழுசாக இருந்தது. அங்கேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, விழுங்கும்வரை நின்றாள்.

மாத்திரையை இனித் தபாலில் அனுப்ப வேண்டாம். மாதா மாதம் அவளே எடுத்து வருகிறாளாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி